எங்க விட ஏலுது

பாலை மரக்கிளையில் கட்டிய கப்பியிலிருந்து புதிய எஞ்சின் பழைய ஜீப்பின் வயிற்றுக்குள் பாதி இறங்கித் தொங்குகிறது. பழையதைவிட இது ஒரு சாண் நீளம். ஆணித் துளையைத் தடவிப் பார்க்கக் கையை நுழைத்த அப்புத்துரையின் விரல்கள் எஞ்சினுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டன. அடிமரத்தைச் சுற்றி வரும் கயிற்றைக் கலந்தர் குதிக்காலை மண்ணில் ஊன்றிப் பிடித்திருக்கிறார். பிடித்து நிறுத்த ஒருவர் போதும். தூக்க இருவர் வேண்டும். அந்த இரண்டாமவர்தான் அங்கே மாட்டியிருக்கிறார். கயிற்றை மரத்தில் முடிந்துவிட்டு ஓடலாமென்றால், முடிச்சுக்குக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் விரல்கள் போய்விடும். நெடுங்கேணிப் பாதையில் வெயிலைத் தவிர யாருமில்லை. கறுத்த எண்ணெய் ஒரு சொட்டாக விழுந்து அப்புத்துரையின் முழங்கை வரை வழிகிறது. இருவரும் கூட்டாக வாங்கிய ஜீப் இது. இந்த எஞ்சின் இதற்குப் பொருந்தாது என்று காலையிலேயே கலந்தர் சொன்னார், அப்புத்துரை கேட்கவில்லை. “இண்டையோட உம்மட கூட்டை விட்டன்!” என்று கலந்தர் கத்தியது ஒழுங்கை முழுக்க, தெருமுனை வரை கேட்டது. இப்போது அவருடைய உள்ளங்கை நெருப்பாய் எரிகிறது. கயிறு ஒரு நூல் நழுவுகிறது. “விட்டிடாதேங்கோ நானா,” என்று அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சுகிறார் அப்புத்துரை, மூச்சு விடவும் பயந்த குரலில். கலந்தர் பல்லைக் கடிக்கிறார். “விட்டனெண்டு காலமையே சொல்லிப்போட்டன். எங்க, தம்பி, விட ஏலுது?”