வாட்ச்மேன் டீக்குப் போகும் நேரம்

கண்ணாடி துடைக்கும் தொழிலுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு பக்கெட், ஒரு ரப்பர் வைப்பர், நாலைந்து பழைய பனியன், எலக்ட்ரீஷியனிடம் இரவல் வாங்கிய ஏணி. எல்லாம் அவனிடம் இருந்தது. துடைக்கக் கண்ணாடிதான் கிடைக்கவில்லை.

கடைவீதி முழுக்க ஏறி இறங்கிவிட்டான்.

"மழை பெஞ்சா தானா கழுவிக்கும், போய்யா," என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"உள்ள இருக்கிற செருப்பைப் பார்க்கவே ஆளில்ல, கண்ணாடியைப் பார்க்கவா வரப்போறாங்க?" என்றார் செருப்புக்கடைக்காரர். கண் டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள். "இந்த வாரத்துக்குள்ள ஒரு கடையாவது பிடிங்க. இல்லேன்னா பேசாம எங்கப்பா மாவு மில்லுக்கு மூட்டை தூக்கப் போயிடுங்க."

மில்லை நினைத்ததுமே இடுப்பு வலித்தது. பல வருடம் மூட்டை தூக்கித் தேய்ந்த இடுப்பு. மூட்டையைக்கூட எப்படியாவது தூக்கிவிடலாம், மாமனாரின் பேச்சைத் தாங்க முடியாது.

அன்று சாயங்காலம் மச்சினனை மாடிப்படிக்கு அடியில் தள்ளிக்கொண்டு போனான். மச்சினனுக்கு வேலை கிடையாது. அக்கா வீட்டுச் சாப்பாட்டு வேளைக்கு மட்டும் ஒரு நாளும் லீவு போட்டதில்லை.

"நகைக்கடைடா," என்றான் குரலைத் தாழ்த்தி. "ஓசியில துடைச்சுத் தரேன்னு கெஞ்சி முதலாளியை ஒத்துக்க வெச்சிட்டேன். நாளைக்குக் காலையில நான் வாசல்லதான் இருப்பேன்."

"வாட்ச்மேன் இருப்பானே மாமா?"

"பதினோரு மணிக்கு டீக்குப் போவான். அவன் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா காரியம் கெட்டுடும். அவன் தலை மறைஞ்சதும் நீ வரணும்."

"அப்போ கடையில கூட்டம் இருக்குமே?"

"கூட்டம் இருந்தாத்தான்டா நமக்கு நல்லது."

மச்சினன் இன்னும் நெருங்கி வந்தான். "முகத்துல துணி ஏதாவது கட்டிக்கட்டுமா?"

"கட்டிக்கிட்டுப் போனா எவன்டா நம்புவான்? இஸ்திரி போட்ட சட்டையோட, தங்கச்சி கல்யாணத்துக்கு நகை எடுக்க வர்றவன் மாதிரி வா."

"ரத்தம் கித்தம் வந்துட்டா?"

"வராமப் பார்த்துக்க. அப்புறம் ஆஸ்பத்திரி, போலீஸ்னு இழுத்துடும்."

"மாட்டிக்கிட்டா?"

"உன்னை எனக்குத் தெரியாது, என்னை உனக்குத் தெரியாது. அக்காகிட்ட மூச்சு விட்டே, ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது."

மறுநாள் காலை நகைக்கடை வாசலில் ஏணியைச் சாய்த்தான். கதவை ஒட்டி ஆளுயரத்துக்கு மேல் ஒரே கண்ணாடி. விரல் ரேகை, ஈ எச்சம், எப்போதோ கிழித்த தள்ளுபடி நோட்டீஸின் பசை. பசையை நகத்தால் சுரண்டினான். சோப்புத் தண்ணீர் அடித்து, வைப்பரை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்தான். ஓரத்தில் நின்ற ஈரத்தைப் பனியனால் ஒற்றி எடுத்தான். கண் வாட்ச்மேன் மேலேயே இருந்தாலும் கை அதன் பாட்டுக்கு வேலையைச் சுத்தமாகச் செய்தது.

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தான். இவன் ஏணியையும் பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனான்.

மச்சினன் வந்தான். தலையைப் படிய வாரியிருந்தான். கண் மட்டும் கடை முகப்பில் எதையோ தேடி இங்கும் அங்கும் அலைந்தது. தேடிக்கொண்டே வேகமாக நடந்தான்.

டமால்!

தெருவே திரும்பியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் மச்சினன். சட்டை முழுக்க ரத்தம். டீ டம்ளரோடு ஓடிவந்த வாட்ச்மேன் அவன் காலரைப் பிடித்தான். "யார்ரா நீ? எதுக்குடா இப்படிப் பாய்ஞ்சு வந்தே?"

எதிர்ச்சாரியில் இவன் ஏணிக்குப் பின்னால் ஒதுங்கினான். போச்சு. இனி மில்லுகூட இல்லை, ஜெயில்தான்.

"விடுய்யா அவரை!" முதலாளி வெளியே ஓடிவந்தார். "பாவம், அவர் என்ன பண்ணுவாரு? கண்ணாடி இருக்கிறதே தெரியலையே! நானா இருந்தாலும் முட்டியிருப்பேன்." சோபாவில் உட்காரவைத்து, ஐஸ் வரவழைத்து, விசிறச் சொன்னார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "எங்கய்யா இதைத் துடைச்ச ஆளு?"

வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி இவன் கையைத் தூக்கினான்.

"நாளைக்கு முதல்ல நம்ம கடை," என்றார் ஜவுளிக்கடைக்காரர். "அதெப்படி? நான்தானே பக்கத்துக் கடை?" என்றார் செருப்புக்கடைக்காரர். கண் டாக்டரே இறங்கிவந்து கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்து, "என் கண்ணுக்கே தெரியலப்பா," என்றார். அந்த விரல் ரேகையை இவன் உடனே துடைத்தான்.

ராத்திரி மனைவி தட்டில் அள்ளி அள்ளி வைத்தாள். மூக்கில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்த தம்பிக்கு வசவுதான். "அவரைப் பாரு, உழைச்சு முன்னேறுறாரு. நீ தெருவுல கண்ணு தெரியாம முட்டிக்கிட்டு வா."

அவள் உள்ளே போனதும் இவன் பல்லைக் கடித்தான். "ஏன்டா, நெத்தியால லேசா இடிச்சிட்டு, 'கண்ணாடி இருக்கிறதே தெரியலையே'ன்னு நாலு பேர் காதுல விழுற மாதிரி கத்துன்னுதானே சொன்னேன்? இப்படியா மூக்கை உடைச்சுக்குவே?"

"லேசா இடிக்கத்தான் மாமா வந்தேன்," என்றான் மச்சினன் மூக்கைத் தடவியபடி. "இடிக்க வேண்டிய கண்ணாடி எங்கன்னு தேடிக்கிட்டு இருக்கும்போதே இடிச்சிட்டேன்."