நடுவில் விழுங்கிய சத்தம்

இப்போதெல்லாம் கழுதை கத்தினால்கூடச் சிமுரெங்கா என்று பேர் வைத்துக் கேசட் போட்டு விற்றுவிடுகிறார்கள்.

முனெமோ கிழவருக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். வெள்ளைக்காரனோடு போட்ட விடுதலைச் சண்டைக்கு, காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிந்த பையன்கள் சொன்ன சொல் அது. வெளியே சொன்னவனை வெள்ளைக்காரப் பட்டாளம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. சண்டை ஓய்ந்த சூடு ஆறவில்லை, முரேவா பஸ் நிலையத்துப் பீர்க் கடையில் அதற்கு இடுப்பை ஆட்டுகிறார்கள்.

உப்பு வாங்க வந்தவர் நின்றுவிட்டார்.

கித்தாரில் வந்தது ம்பிராவின் மெட்டு. இரும்பு நாக்குகளைக் கட்டைவிரலால் தட்டி, செத்தவர்களைக் கூப்பிடுகிற மெட்டு. பெரியவர்கள் மூக்குப்பொடி வைத்துக் கும்பிடாமல் அதைத் தொட மாட்டார்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரு சத்தம் விடுபட்டது.

பாட்டு முடியும்வரை பொறுத்திருந்து கித்தார்க்காரனிடம் போனார்.

“ஏன்டா, நடுவுல ஒரு சத்தத்த முழுங்குறியே, குடிச்ச பீரு விரல்ல ஏறிடுச்சா?”

அவன் சிரிக்கவில்லை.

“எனக்குச் சொல்லிக் குடுத்தவரு ம்பிராவுல அப்படித்தான் வாசிப்பாரு, தாத்தா. காட்டுல இருந்து வந்தவரு. எங்க ஊரு ஆத்தங்கரையில நாங்கதான் அவரப் பொதச்சோம்.”

செத்தவரின் பேரைக் கேட்டார். ‘இடியின் தம்பி’ என்றான். சண்டைக்காக வைத்துக்கொண்ட பேர். பெற்றவன் வைத்த பேரை அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை.

கிழவர் காறித் துப்பினார். ஓசி பீருக்கு இந்தக் காலத்துப் பயல்கள் எந்தப் பிணத்தையும் தோண்டி எடுப்பார்கள்.

வீட்டில் மனைவி நியாராய் இரண்டு வருடமாக நச்சரிக்கிறாள். உடல் கிடைக்காத மகனுக்கு ஓர் ஆட்டுத் தலையைப் புதைத்தால்தான் ஆவி வீடு வந்து சேருமாம். ஃபரிராய் உயிரோடு இருக்கிறான், அவனுக்கு எதற்குக் குழி என்று இவர் வாயை அடைத்துவிடுவார்.

ஆடு விற்கிறவர்கள் வேலியோரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தார். ஆயிரம் பேரிடம் ம்பிரா இருக்கும். நாக்கு எவனுக்குத்தான் கழன்று விழாது?

பின்னால் மறுபடி அதே பாட்டு.

சட்டைப் பைக்குள் அவர் கட்டைவிரல், விடுபட்ட இடம் வரும்போதெல்லாம், ஓர் இரும்பு நாக்கை அழுத்திக்கொண்டிருந்தது. காட்டுக்குப் போன அன்று, திரும்பி வந்து பொருத்திக்கொள்கிறேன் என்று ஃபரிராய் தன் ம்பிராவிலிருந்து பிடுங்கிக் கொடுத்துவிட்டுப் போனது.