மாடி வீட்டில் ஓர் அறிவிப்பு

கதவைத் தள்ளித் திறந்ததும் அறிவிப்பாளர் கண்ணில் முதலில் பட்டது மைக்தான்.

கிட்டாரை மாட்டிக்கொண்டு அதற்குப் பின்னால் நின்ற மாடி வீட்டு இளைஞன் பிறகுதான் பட்டான்.

சண்டை போட வந்தவர் நேராக அவனிடம் போயிருக்க வேண்டும். ஆனால் பேருந்து நிலையத்தில் காலமெல்லாம் மைக் முன்னால் உட்கார்ந்து பிழைத்தவர் அவர். மைக்கைக் கண்டால் அவருக்கு மனிதர்கள் தெரிவதில்லை.

ஒரு விரலால் அதைத் தட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கீழே அவர் வீட்டில் நிலைமை மோசம். மாடியில் ஒரு தடவை தந்தியைச் சுண்டினால் நம் தலைக்கு மேல் பத்துத் தடவை கேட்கிறது, இன்றைக்கு நீங்கள் போய்ச் சொல்கிறீர்களா, இல்லை நான் ஏழு மணி பஸ்ஸில் தங்கை வீட்டுக்குப் போகட்டுமா என்று மனைவி கேட்டுவிட்டாள். கேட்டதோடு நிற்காமல் பெட்டியையும் கட்டிவிட்டாள். எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் அவர் மாடிப்படி ஏறினார்.

அந்த பஸ் எந்த நடைமேடையில் நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். போகாதே என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் பேசுகிற மனுஷன், வீட்டுக்குள் நுழைந்தால் கப்சிப். கேட்டதற்குத் தலையாட்டுவார், அதையும் பார்த்தால்தான் தெரியும்.

"மாடி வீட்டில் வசிப்பவரின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கினார்.

கணீரென்ற குரல். கிட்டார் ஒலியால் கீழ் வீட்டில் இருப்பவர்கள் மிகுந்த சிரமத்துக்கு உள்ளாகியிருப்பதாகவும், ஒலியை உடனடியாகக் குறைத்து ஒத்துழைக்குமாறும் கேட்டுக்கொண்டார். ஊர்ப் பெயர்களுக்கு நடுவே விடுகிற மூச்சை இங்கேயும் விட்டார். கடைசியில், வாசிக்கக் கையில் எதுவும் இல்லாததால், மனதில் வந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லிவிட்டு மைக்கை விட்டு விலகினார்.

இளைஞன் பல் செட் செய்கிறவன். அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன. அவனும் அப்படித்தான் நின்றான். பாட்டும் கிட்டாருமாக ஒன்றைப் பதியலாம் என்று காலடியில் இருந்த லூப்பர் பெட்டியை அப்போதுதான் மிதித்திருந்தான். ஒரு தடவை மிதித்தால் அது கேட்பதையெல்லாம் உள்ளே வாங்கிக்கொள்ளும். இன்னொரு தடவை மிதித்தால், வாங்கியதைத் திரும்பத் திரும்பக் கக்கும்.

இதை விளக்கிச் சொல்ல அவசரமாக முன்னால் வந்தவன் பெட்டியை மிதித்துவிட்டான்.

மாடி வீட்டில் வசிப்பவரின் கனிவான கவனத்திற்கு என்றது ஸ்பீக்கர்.

பக்கத்தில் டிலே என்று இன்னொரு பெட்டி. எதிரொலி கொடுப்பது அதன் வேலை. அது தன் பங்குக்கு ஒவ்வொரு சொல்லின் வாலையும் பிடித்து இழுத்தது. கவனத்திற்கு, திற்கு, கு, கு.

அறிவிப்பாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உடனே மூடிக்கொண்டார்.

அறிவிப்பு ஓடும்போது குறுக்கே பேசக் கூடாது. அவருடைய அறைக்குள் டிரைவர் வந்தாலும் சரி, மேலதிகாரி வந்தாலும் சரி, உதட்டில் விரலை வைத்து நிறுத்திவிடுவார். முடியட்டும் என்று கைகட்டி நின்றார்.

முடிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் மறுபடி தொடங்கியது.

இளைஞனுக்கு வேறு தர்மசங்கடம். பெரியவர் இவ்வளவு மரியாதையாக நின்று தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஏற்கெனவே புகார் சொல்ல வந்தவர். பாதியில் நிறுத்தினால் இன்னும் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தான். பெட்டிக்கு மேலே காலைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தான்.

இவர் அது முடியட்டும் என்று நிற்க, அவன் இவர் சொல்லட்டும் என்று நிற்க, அறிவிப்பு தன்பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி வந்தது.

சுவர்க் கடிகாரம் ஆறரையைத் தாண்டியது. அறிவிப்பாளருக்கு வியர்த்துவிட்டது. அவள் கிளம்பிவிடுவாள். ஓடிப்போய் வாசலில் மறிக்க வேண்டும். ஆனால் அறிவிப்பு ஓடும்போது இடத்தை விட்டு நகர்கிற வழக்கமும் அவருக்குக் கிடையாது.

படியில் காலடி கேட்டது.

மனைவி பெட்டியோடு வாசலில் நின்றாள். இந்த மனுஷனா இவ்வளவு நேரமாக விடாமல் சண்டை போடுகிறார் என்று நம்ப முடியாமல் ஏறி வந்திருந்தாள். உள்ளே பார்த்தால் ரெண்டு பேரும் வாயைத் திறக்காமல் நிற்கிறார்கள், குரல் மட்டும் வருகிறது.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

இளைஞன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பெட்டியை நிறுத்தக் காலை நீட்டினான்.

"இருங்க தம்பி, நிறுத்திடாதீங்க" என்றாள். "அந்தக் கடைசி வரி வரட்டும். கீழே சரியாக் கேக்கல."

மூன்று பேரும் காத்திருந்தார்கள். கனிவான கவனம் போயிற்று. மிகுந்த சிரமம் போயிற்று. ஒத்துழைப்பும் போயிற்று. ஒரு மூச்சு விட்டு, அதே கணீர்க் குரல் சொன்னது:

"ஏழு மணிப் பேருந்தில் செல்லவிருக்கும் என் மனைவி, எனக்குத் தனியாக இருக்கத் தெரியாத காரணத்தால், போக வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

படுகிறார், கிறார், றார் என்று டிலே இழுத்துக்கொண்டே போனது. அறிவிப்பாளர் காது வரைக்கும் சிவந்து நின்றார்.

அவள் பெட்டியைக் கீழே வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்தாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"தம்பி, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க" என்றாள்.