மாமனாருக்கு ஏற்ற சைஸ்

கூடத்து சோபாவில் மாப்பிள்ளை தொப்பென்று உட்கார்ந்ததில், அங்கே கிடந்த மாமனாரின் தூண்டில் ரீல் நொறுங்கிப்போனது.

"கனமான இடம்னுதான் பொண்ணு குடுத்தேன். இவ்வளவு கனம்னு தெரியாமப் போச்சே!" என்றார் மாமனார். உறவுக் கூட்டமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்துவைத்தான், உள்ளுக்குள் கறுவிக்கொண்டான்.

மறுநாள் மாமனாருக்குப் புது ரீல் வாங்கத் தூண்டில் கடைக்குப் போனான். "ஏரியில மீன் பிடிக்கவா சார்? இந்தச் சின்ன சைஸ் ரீல் கச்சிதமா இருக்கும்" என்றார் கடைக்காரர்.

"கடலுக்குப் போடுற பெரிசு குடுங்க."

"ஒல்லித் தூண்டிலுக்கு அதையா? சுத்திச் சுத்தித் தோள்பட்டையே கழண்டுடும் சார்!"

"கழலட்டும். அதுக்குத்தான் வாங்கறேன்."

பெரிய ரீலை மாமனாரிடம் கொடுத்தான். ஆனால் அந்த ஞாயிறு அவர் இரண்டு கொழுத்த மீன்களோடு ஏரியிலிருந்து வந்தார். அடுத்த ஞாயிறு மூன்று. ஆளும் குத்துக்கல்லாட்டம் இருந்தார். எரிந்தது மாப்பிள்ளையின் வயிறுதான். பொறுக்க முடியாமல் அவரைத் தனியே மடக்கினான்.

"உண்மையைச் சொல்லுங்க மாமா. அந்த ரீலை வெச்சு எப்படிப் பிடிக்கிறீங்க?"

மாமனார் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் எங்க மாப்பிள்ளை பிடிச்சேன்? இத்தனை வருஷமா விட்டதெல்லாம் ரீல். மீன் மார்க்கெட்டுல வாங்கறது. நீங்க குடுத்தது பெரிய ரீல் இல்லையா, நல்ல விலைக்குப் போச்சு. இந்த வருஷம் மீன் பூரா உங்க உபயம்தான்!"