கார்வெல் அணியின் பதினோராம் இடம்

மனித குலம் இதுவரை உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான்: கார்வெல் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக முரசும் பியூகிள் என்ற பித்தளை ஊதுகொம்பும் கொண்ட போட்டி அணியைத் தொடங்கியது. பென்சில்வேனியாவின் மாலை வெயில் பித்தளையில் வழுக்கும் மைதானத்தில், தன் உயரத்தில் பாதி இருக்கும் ராட்சத பியூகிளைச் சுமந்து நிற்கிற லெனார்ட் டுபிக்கி இதை மனப்பூர்வமாகச் சொல்கிறான். பதினோரு அணிகளில் அவனுடைய அணி பதினோராவது என்று ஒலிபெருக்கி இப்போதுதான் அறிவித்திருக்கிறது. "முப்பது வருஷமா இந்த இடத்தை எவனுக்கும் விட்டுக்கொடுக்கலடா," என்கிறான், உதடு அசையாமல். முடிவு அறிவிக்கும்போது முகம் அசையக் கூடாது என்பது விதி. பக்கத்தில் முரசுக்காரன் வால்ட் சிரிப்பை விழுங்குகிறான். இருபத்தொரு வயது முடிந்தவர்களுக்கு அணியில் இடமில்லை. விலகுகிறவர்கள் வெள்ளை ஷூவைப் புல்லிலேயே விட்டுவிட்டு நடப்பது வழக்கம். முதல் ஜோடி கழல்கிறது. "பாருடா, ஷூக்கடை விரிக்கிறானுங்க. வெறுங்காலோட பஸ் வரைக்கும் மூக்கைச் சிந்திட்டே போவானுங்க," என்கிறான் டுபிக்கி. "இன்னிக்கு உனக்கும் கடைசி நாள்தானேடா?" என்கிறான் வால்ட். "நானா? திங்கக்கிழமை ஆலைக்கே இதைத்தான் போட்டுட்டுப் போவேன்." முரசு முழங்குகிறது. கார்வெல் அணி நிமிர்ந்த தலையோடு வெளியேறுகிறது. ஜெயித்தவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். டுபிக்கி மட்டும் நகரவில்லை. பியூகிளைப் புல்லில் மெல்லக் கிடத்துகிறான். குனிந்து நாடாவை அவிழ்க்கிறான். இரண்டு ஷூக்களையும் குதிகால் ஒட்டி, நுனி சற்றே விரிந்திருக்க, அட்டென்ஷனில் நிறுத்துகிறான்.