இரண்டு பாட்டில் சேறு

"ஏம்மா, சேத்துல இருக்கிற ஈயத்தை எடுக்கச் சொன்னா, நீ ஈயம் பூசி வெச்சிருக்கே." மேலாளர் ஆய்வறிக்கையைப் பொறியாளரின் மேஜையில் போட்டார்.

ஏரிச் சேற்றைக் கழுவும் இயந்திரத்தை உருவாக்கியவள் அவள்தான். கழுவும் முன் ஒரு கிலோ சேற்றில் பன்னிரண்டு மில்லிகிராம் ஈயம், கழுவிய பின் தொள்ளாயிரம் என்றது அறிக்கை.

"சாயந்திரத்துக்குள்ள மெஷினைக் கழட்டி லாரியில ஏத்து. அப்படியே நீயும் ஏறிக்கோ."

அவள் ஆய்வகத்துக்கு ஓடினாள். மேலாளரும் விடாமல் பின்னாலேயே வந்தார்.

"அண்ணே, பாட்டிலை மாத்திட்டீங்களா?"

"நான் ஏம்மா மாத்தப்போறேன்?" என்றார் பரிசோதகர். "ஒண்ணுல 'மு', இன்னொண்ணுல 'பி'ன்னு எழுதியிருந்துது. மு-ன்னா முடிஞ்சது. பி-ன்னா பிறகு கழுவ வேண்டியது."

"அண்ணே, மு-ன்னா முன். பி-ன்னா பின். கழுவறதுக்கு முன், கழுவின பின்."

பரிசோதகர் அறிக்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ உன் மெஷின் பிரமாதம்மா. ஆமா, எந்தக் கஞ்சப்பய ஒத்தை எழுத்தோட நிறுத்தினான்?"

அவள் மேலாளரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"லேபிள் சின்னதுப்பா" என்றார். "இடம் பத்தலை."