யாரும் சாகாத படங்கள்

காட்சி விவரிப்போடு வரும் படத்துக்காக மங்கையர்க்கரசி தேடி அலைந்த காலம் போயிற்று. பார்வையில்லாத அவளுக்கு, அவள் போட்டிருக்கும் கண்ணாடியே எதிரில் இருப்பதையெல்லாம் பார்த்துக் காதில் சொல்லிவிடும். சினிமாவானாலும் சரி, வீடானாலும் சரி.

போன வருஷம் அவளுக்கு நெஞ்சுவலி வந்த பிறகு, அதிர்ச்சியான எதையும் சொல்லாதபடி டாக்டர் அந்தக் குரலை மாற்றிவைத்துவிட்டார். அன்றிலிருந்து எந்தப் படத்திலும் யாரும் சாவதில்லை. ஊரே கூடி ஒப்பாரி வைத்தாலும், "கதாநாயகன் தூங்குகிறார். முகம் அமைதியாக இருக்கிறது" என்றுதான் குரல் சொல்லும்.

பக்கத்து நாற்காலியில் இருக்கும் கணவர் தனபால் விடமாட்டார். "செத்துட்டான் மங்கை! தூங்குறானாம், தூக்கம்!" என்பார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். டாக்டருக்குத் தெரியாமல் இருவரும் செய்துவந்த திருட்டுத்தனம் அது.

இன்று மத்தியானமும் ஒரு பழைய படம். சாவு மேளம் முழங்கியது. ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு கதறினாள்.

"அண்ணன் தூங்குகிறார்" என்றது குரல்.

மங்கை காத்திருந்தாள். பக்கத்திலிருந்து சத்தமே இல்லை.

"என்னங்க, செத்துட்டானா?"

படத்தை நிறுத்திவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"உங்கள் கணவர் தூங்குகிறார்" என்றது குரல், அதே கனிவோடு. "முகம் அமைதியாக இருக்கிறது."

கை நீட்டினால் தொட்டுவிடலாம். அவள் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

"படத்தைப் போடு" என்றாள் கண்ணாடியிடம். "சத்தத்தைக் குறைச்சு வை. அவர் தூங்குறாரு."